கத்தி படக்கூடாத புண்

எங்கள் ஊரில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே போனால் "என்ன ஆச்சு?" என்று யாரும் கேட்பதில்லை. "சீனி எவ்வளவு இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பட்டர்வொர்த் பாசாரில் மீன் விற்பவர் கேட்டார். ஃபெர்ரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெரியவர் கேட்டார். கோவிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிற அக்கா கேட்டார். எனக்குச் சீனி இல்லை என்று சொன்னால் நம்பின முகம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. "நல்லா செக் பண்ணிப் பாத்தியாம்மா?" என்று இரக்கத்தோடு அடுத்த கேள்வி வரும்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்கள்தான் முன்னணியில் நிற்கிறோம். என் பெரியப்பாவுக்கு முதலில் கட்டைவிரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாமே போயிற்று. இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் இந்தப் பக்கத்தில் அபூர்வம். அதனால் காலில் ஆறாத புண் என்றால் எங்களுக்கு அது எங்கே போய் முடியும் என்பது முன்கூட்டியே தெரியும். முடிவு தெரிந்த கதைக்குக் காரணம் தேடுவார் யார்?

எனக்கு வந்தது அந்தக் கதை இல்லை. அதன் பெயர் பயோடெர்மா காங்ரினோசம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலை அழித்துப் புண்ணாக்குகிற அபூர்வ நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு இது வரலாம் என்று கணக்கிடுகிறார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உடம்புக்குள் ஏற்கெனவே வேறொரு நோய் இருக்கும். பெருங்குடல் அழற்சியாக இருக்கலாம், இரத்த அணு நோயாக இருக்கலாம், என்னைப் போல முடக்கு வாதமாக இருக்கலாம்.

முடக்கு வாதம் எனக்கு முப்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டது. பிறை வட்டாரத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் கியூசி (தரச் சோதனை) பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்ன பாகங்களைப் புரட்டிப் பார்க்கிற வேலை. காலையில் விரல் மடங்காது. முதலில் வேலை அலுப்பு என்று நினைத்து, பிறகு தைலம் தேய்த்து, கடைசியில் இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தி, நம் மூட்டுச் சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும், அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்க, மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. வாரத்துக்கு ஒரு முறைதான், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பேன். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட். மூட்டுகள் ஓரளவு கட்டுக்குள் இருந்தன. வலது முழங்கால் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. அதற்கு ஒரு நாள் மாற்று மூட்டு வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். தோலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. முழங்கையில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. அது இந்த நோய்க்காரர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான், வலிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்றார்கள், விட்டுவிட்டேன்.

பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தின நாள் ரதம் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரதம் வருகிற பாதை நெடுகத் தேங்காய் மலைபோலக் குவிந்திருக்கும். நம்மவர்கள் மட்டுமில்லை, சீனர்களும் லாரியில் கொண்டுவந்து கொட்டி உடைப்பார்கள். சாலை முழுக்க இளநீர்ச் சேறும் ஓட்டுச் சில்லும்தான். ஓரமாகத்தான் நின்றேன். ஒரு சில்லு தெறித்து வந்து இடது கெண்டைக்காலுக்கு முன்பக்கம், எலும்பு தட்டுகிற இடத்தில், கீறிவிட்டுப் போனது. பத்துக் காசு அளவுகூட இருக்காது. வீட்டுக்கு வந்து கழுவி பிளாஸ்டர் ஒட்டினேன்.

ஓரிரு நாளில் அந்த இடத்தில் சீழ் கோத்த ஒரு சின்னக் கொப்புளம். அது உடைந்தது. உடைந்த இடம் ஆறாமல் அகலமாகிக்கொண்டே போனது. ஓரம் மட்டும் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்துச் சிவந்து, கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த ஓரத்துக்குக் கீழே குழிந்து உள்ளே போவது கண்ணுக்கே தெரிந்தது. இப்போது இந்த விவரங்களை எழுதும்போது, ஒவ்வொன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிற அடையாளம் என்று எனக்குத் தெரியும். அப்போது அது வெறும் புண்.

முதலில் பார்த்த கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. இன்னொரு கிளினிக்கில் வேறொன்று எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கப் போன மருந்துக் கடையில் இருந்த சீனப் பெண் பார்மசிஸ்ட், "ஆன்ட்டி, வேறு என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று மலாயில் கேட்டார். மெத்தோட்ரெக்ஸேட் என்றதும் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அது கோ-டிரைமோக்ஸசோல். இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிப் போட்டு இரத்த அணுக்கள் சரிந்துவிடும். முடக்கு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் இதை மட்டுமாவது மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எந்த மருந்து வாங்கினாலும், யாரும் கேட்காவிட்டாலும், நாமே சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் புண் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, எங்கே போயிருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். "செத்த சதையை வெட்டிச் சுத்தம் பண்ணணும்" என்றார்கள். இனிப்பு நீர்ப் புண்ணுக்கும் கிருமி பிடித்த புண்ணுக்கும் அது சரியான வைத்தியம். செத்த சதை இருக்கிறவரை புண் ஆறாது, கிருமி அங்கே குடியிருக்கும், அதை எடுத்துவிட்டால் புதுச் சதை வளரும். யாராலும் மறுக்க முடியாத நியாயம்.

வெட்டினார்கள். சில நாட்களில் புண் வெட்டின எல்லையைத் தாண்டிப் போனது. சுத்தம் போதவில்லை என்று மறுபடியும் வெட்டினார்கள். மறுபடியும் தாண்டிப் போனது. எனக்குச் சீனி சரியாக இருந்தது, காய்ச்சல் இல்லை, எடுத்த சீழில் பெரிதாக எந்தக் கிருமியும் வளரவில்லை. இருந்தும் எல்லோரும் கிருமியைத்தான் தேடினார்கள்.

வலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இனிப்பு நீர்க்காரர்களின் பாதப் புண்ணில் பெரும்பாலும் வலி இருக்காது. நரம்பு மரத்துப்போனதால்தான் அங்கே புண்ணே வருகிறது. பெரியப்பா ஆணி குத்தினதுகூடத் தெரியாமல் நாள் முழுக்க நடந்தவர். எனக்கோ மின்விசிறிக் காற்று பட்டால் உயிர் போனது. போர்வை பட்டால் கத்தினேன். புண்ணின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அதைச் சொன்னபோது வலி மாத்திரையைக் கூட்டினார்கள். வலியே ஒரு தகவல் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இருக்கிறது என்றால் அது வெட்டினதில் இல்லை, இதில்தான். தொழிற்சாலையில் ஒரு பாகம் இருக்க வேண்டிய அளவில் இல்லாவிட்டால், அது எந்தப் பெட்டியில் வந்தது என்று பார்க்க மாட்டோம். அளவைத்தான் நம்புவோம்.

மூட்டு வாத டாக்டரிடம் வழக்கமான முறை வந்தது. கட்டைப் பிரிக்கச் சொன்னார். பிரித்ததும் அவர் கை என் விரல் மூட்டுகளை விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் ஓரத்தையே பார்த்தார். "எத்தனை தரம் வெட்டினாங்க? ஒவ்வொரு தரமும் பெரிசாச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே போனை எடுத்துத் தோல் பிரிவைக் கூப்பிட்டார்.

பினாங்கு பொது மருத்துவமனையின் தோல் பிரிவில் என்னைப் பார்த்த டாக்டர் ஒரு சீனப் பெண், என் மகள் வயது இருக்கும். புண்ணைத் தொடவே இல்லை. குனிந்து பார்த்தார், படம் எடுத்தார், அப்புறம் புண்ணை விட்டுவிட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தார். மருத்துவமனையில் டிரிப்ஸ் ஊசி போட்ட இடத்தில் ஒரு சின்னச் சீழ்க் கொப்புளம் வந்து காய்ந்திருந்தது. நான் அதைச் சொல்லவேகூட இல்லை. "இது எப்ப வந்துச்சு?" என்றார். ஊசி போட்ட மறுநாள். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அதற்குப் பெயர் பாத்தர்ஜி. சின்னக் காயம், ஊசி, அறுவை என்று தோலுக்கு எது நடந்தாலும், உடம்பு அதற்கு அளவில்லாமல் பதில் கொடுப்பது. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் கிருமியே இல்லாத இடத்தில் கூட்டமாக வந்து இறங்கி, தோலை அழித்துவிடுகின்றன. பயோடெர்மா உள்ள எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. சுமார் 20 முதல் 30 விழுக்காட்டினரிடம் பார்க்கிறார்கள். நான் அந்தக் கணக்கில் சேர்ந்தவள். தேங்காய்ச் சில்லு தொடங்கி வைத்ததைக் கத்தி வளர்த்து விட்டிருக்கிறது.

அப்படியானால் பரிசோதனைக்குச் சதை எடுப்பது? அதுவும் வெட்டுதானே? கேட்டேன். சிரித்தார். எடுத்தே ஆக வேண்டும் என்றார், புண்ணின் நடுவிலிருந்து இல்லை, ஓரத்திலிருந்து. இந்த நோயை ஒரே இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிட முடியாது. 2018இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு வரையறை வகுத்தார்கள். ஓரத்துச் சதையில் நியூட்ரோஃபில் கூட்டம் தெரிய வேண்டும், அது முக்கிய நிபந்தனை. கூடவே எட்டுத் துணை அடையாளங்களில் குறைந்தது நான்கு பொருந்த வேண்டும். மூட்டு அழற்சி நோய் இருப்பது அதில் ஒன்று. பாத்தர்ஜி ஒன்று. கொப்புளமாகத் தொடங்கி நான்கு நாளுக்குள் புண்ணாவது ஒன்று. கிருமி இல்லை என்று உறுதி செய்வது இன்னொன்று. எடுத்த சதையில் ஒரு பங்கு நுண்ணோக்கிக்கு, ஒரு பங்கு கிருமி வளர்க்க. சாதாரண பாக்டீரியா, பூஞ்சை, காசநோய் எல்லாவற்றுக்கும் பார்த்தார்கள். நம் நாட்டு மண்ணிலும் சேற்றிலும் இருக்கிற மெலியோய்டோசிஸ் கிருமிக்கும் பார்த்தார்கள். முடக்கு வாதத்தில் இரத்தக் குழாயே அழற்சி கண்டு புண் வருவதும் உண்டு, அதுவும் இல்லை என்று பார்த்தார்கள்.

இவ்வளவு ஜாக்கிரதை எதற்கென்றால், தவறு எதிர்த் திசையிலும் நடக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2002இல் எழுதிய ஒரு கட்டுரையில், பயோடெர்மா என்று சொல்லி வைத்தியம் பார்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு உண்மையில் வேறு நோய் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கிருமிப் புண்ணுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இதே மேயோ கிளினிக்கில்தான் 1930இல் பிரன்ஸ்டிங், கெக்கர்மன், ஓலியரி என்ற மூவர் ஐந்து நோயாளிகளை வைத்து இந்த நோய்க்கு இந்தப் பெயரிட்டு விவரித்தார்கள். அவர்களும் இதற்குப் பின்னால் ஏதோ கிருமி இருப்பதாகத்தான் நினைத்தார்கள். அவர்களே அப்படி நினைத்திருக்கும்போது, அவசரப் பிரிவில் இரவு பகலாக நிற்கிற இளம் டாக்டரை நான் என்ன சொல்வது.

வைத்தியம், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையில் தொடங்கியது. காலையில் சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைநிறைய ஒன்பது சின்ன மாத்திரையைக் காட்டினார்கள். பின்னால்தான். ஓரத்தில் தடவ குளோபெட்டசால் களிம்பு. அவ்வளவுதான். கத்தி இல்லை, சுரண்டல் இல்லை.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, காலையில் எழுந்தபோது போர்வை காலின் மேல் கிடந்தது. இரவு முழுக்க அது அங்கேயே இருந்திருக்கிறது. புண்ணின் அளவு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை, ஆனால் வலி போய்விட்டது. வலி முதலில் போகும், அப்புறம் ஓரத்துக் கருஞ்சிவப்பு மங்கும், அதற்கும் அப்புறம்தான் புண் சுருங்கும் என்று டாக்டர் வரிசை சொல்லியிருந்தார். அந்த வரிசையிலேயே நடந்தது. நான் பிளாஸ்டிக் ரூலர் வைத்துப் போனில் படம் எடுத்து வந்தேன். பழைய தொழில் புத்தி.

ஆனால் சுருங்குவதற்கு மாதக் கணக்காகும். பிரிட்டனில் 121 நோயாளிகளை வைத்து நடத்தி 2015இல் வெளியிட்ட ஒரு பெரிய ஆய்வில், பாதிப் பேருக்கு ப்ரெட்னிசோலோன், பாதிப் பேருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாத முடிவில் இரு பக்கமும் 47 விழுக்காட்டினருக்குத்தான் புண் ஆறியிருந்தது. எந்த மருந்தும் இன்னொன்றை ஜெயிக்கவில்லை. ஆறினவர்களிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வந்தது. இந்தக் கணக்கை டாக்டர் எனக்கு முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார். சொன்னது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் நான் தைரியம் இழந்து வேறு வைத்தியரிடம் போயிருப்பேன்.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். ப்ரெட்னிசோலோன் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இரண்டாவது மாதம் எனக்குச் சீனி ஏறிவிட்டது. மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன வேண்டும்? "நாங்க அப்பவே சொன்னோமே!" புண் முதலில் வந்தது, மருந்து அடுத்து வந்தது, சீனி அதற்கடுத்து வந்தது என்று எவ்வளவு விளக்கினாலும் யார் காதிலும் ஏறவில்லை. முகம் உப்பியது, இரவு தூக்கம் இல்லை, நடு ராத்திரியில் அலமாரியெல்லாம் அடுக்கி வைத்தேன். எலும்பு தேயாமல் இருக்க கால்சியம், வைட்டமின் டி. என் கணவர் மட்டும், "இப்பதான் கல்யாண போட்டோல இருந்த மாதிரி கன்னம் வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மருந்து வேலை செய்தது, அது டாக்டர் பாடு. என் பாடு, புண்ணைத் தொட வருகிற கைகளைத் தள்ளி நிறுத்துவது. அதுதான் பெரிய பாடு.

அத்தை, அதாவது என் மாமியார், எண்பதைத் தொடுகிறவர். தோட்டத்தில் ரப்பர் சீவின காலத்தில் எத்தனையோ புண்ணை ஆற்றினவர். அவர் கைமருந்து பப்பாளி. மசித்துப் புண்ணில் வைத்துக் கட்டினால் அழுகின சதை தானாகக் கழன்று வரும் என்பார். அது பொய்யில்லை, பப்பாளியில் இருக்கிற பப்பெயின் சதையைக் கரைக்கக்கூடியது. அதனால்தான் எனக்கு அது ஆகாது. "அத்தை, இது கத்தி இல்லாமலே வெட்டுறது மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மஞ்சளாவது வைக்கட்டுமா?" என்றார். லங்காவியிலிருந்து நாத்தனார் கமாட் (கடல் அட்டை) எண்ணெய் வாங்கிவந்தார். எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுத்தால் மனம் கோணும்.

உறவுக்காரர்களைச் சமாளிப்பதுகூட எளிது. பயிற்சி பெற்ற கைகளைச் சமாளிப்பது கஷ்டம். கட்டு மாற்றப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே மிஸ்ஸிமார், அதாவது தாதியர், நாள் முழுக்க இனிப்பு நீர்ப் புண்களைப் பார்க்கிறவர்கள். மஞ்சள் படலம் கண்ணில் பட்டதும் அவர்கள் கை கிடுக்கியைத் தேடும். அது அவர்களுடைய நல்ல பழக்கம், அந்தப் பழக்கத்தால் எத்தனையோ கால்கள் தப்பியிருக்கின்றன. தோல் டாக்டர் மலாயில் ஒரு கடிதம் எழுதி, வெட்டாதீர்கள், சுரண்டாதீர்கள், உப்பு நீரில் மட்டும் கழுவுங்கள், ஒட்டாத கட்டு மட்டும் போடுங்கள் என்று பெரிய எழுத்தில் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு முறையும் நீட்டுவேன். சிலர் படித்தார்கள். சிலர், "நாங்க பாத்துக்கறோம் ஆன்ட்டி" என்றார்கள். காலை இழுத்துக்கொள்வேன். வாய்ச்சண்டைக்குப் போகிற சுபாவம் இல்லை எனக்கு, ஆனால் அந்தக் கட்டிலில் நான் பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தேன்.

ஒரு மலாய் மிஸ்ஸி மட்டும் கடிதத்தைப் படித்துவிட்டு, நோயின் பெயரைப் போனில் தேடி, அங்கேயே நின்று படங்களைப் பார்த்தார். அடுத்த வாரம் போனபோது என் கோப்பின் மேல் அவரே ஒரு சிவப்புத் துண்டு ஒட்டியிருந்தார். புதிதாக வந்த பயிற்சி மிஸ்ஸியிடம், "இது காச்சாவ் (தொந்தரவு) பண்ணக்கூடாத புண், பார்த்துக்கோ" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் உப்பு நீர் ஊற்றி ஊறவிட்டுக் காத்திருப்பார். வெளியே வரிசை நீண்டிருக்கும், அவர் காத்திருப்பார். பாரஃபின் துணி, அதற்கு மேல் ஸ்பாஞ்சுக் கட்டு. அந்தக் கை பட்டால் எனக்கு வலித்ததில்லை.

ப்ரெட்னிசோலோனைக் குறைக்க ஆரம்பித்ததும் ஓரம் மறுபடி கறுக்கத் தொடங்கியது. அதனால் சைக்ளோஸ்போரின் சேர்த்தார்கள். பெரிய மாத்திரை, உறையைக் கிழித்ததும் ஒரு வாடை வரும். சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் சீனப் பெருநாள் வந்தது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வழக்கம்போல ஈப்போ தம்பூனிலிருந்து வந்த பொமெலோ (பம்பளிமாஸ்) இரண்டு கொண்டுவந்து கொடுத்தார். சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் பொமெலோ தொடக்கூடாது. கிரேப்ஃப்ரூட் போலவே அதுவும் குடலில் மருந்தை உடைக்கிற நொதியைத் தடுத்து, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். வீடு முழுக்க உட்கார்ந்து சுளை சுளையாகச் சாப்பிட்டார்கள். நான் தோலை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் தைப்பூசமும் திரும்ப வந்துபோனது. நான் மருத்துவமனையில் இருந்தபோது அத்தை தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், மருமகள் கால் பிழைத்தால் அவள் நாக்கில் அலகு குத்தி வருவாள் என்று. என் நாக்கு, அவர் வேண்டுதல்! பாத்தர்ஜி உள்ளவளுக்கு அலகு. தோல் டாக்டரிடம் இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காது குத்துவது, பச்சை குத்துவதுகூட யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றார். அத்தைக்கோ வேண்டினதை மாற்றுவது பெரிய பாவம். கோவிலில் ஒரு பெரியவரிடம் கேட்டோம். "பால் குடத்துக்கு மாத்திக்கம்மா, முருகன் கணக்குப் பாக்க மாட்டார்" என்றார். பால் குடத்தையும் என் கணவர்தான் சுமந்தார். ஐந்நூறுக்கு மேற்பட்ட படி, என் முழங்காலுக்கு ஆகாது. நான் கீழே, தேங்காய் உடைக்கிற இடத்திலிருந்து வெகு தூரத்தில், கால் முழுக்க மூடின பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் என்னை நிலைநிறுத்தியது அடலிமுமாப் ஊசி. டிஎன்எஃப் என்கிற அழற்சிப் பொருளைத் தடுக்கிற மருந்து, மூட்டுக்கும் தோலுக்கும் சேர்த்தே வேலை செய்யும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் ஊசியைப் பயோடெர்மாவுக்கு வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்து, பலன் இருப்பதை 2006இலேயே காட்டியிருக்கிறார்கள். அடலிமுமாபை இந்த நோய்க்கென்றே ஜப்பான் 2020இல் அனுமதித்தது. நமக்கு உடனே கிடைத்துவிடவில்லை. வெளியில் விலை கேட்டால் மூட்டு வலி மறந்துபோகும். தோல் பிரிவில் ஐந்து வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பார்த்துவருகிற எனக்கு அது கட்டுப்படியாகாது. அரசாங்க ஒதுக்கீட்டுக்காக இரண்டு டாக்டர்களும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள், காத்திருந்தேன். ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை, காசநோய்ச் சோதனை. சின்ன வயதில் தாத்தாவுக்குக் காசம் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். உள்ளே தூங்குகிற கிருமி இருப்பதாகக் காட்டியது. இந்த ஊசி அதை எழுப்பிவிடலாம் என்பதால், காசநோய்க் கிருமிக்கான ஐசோநியாசிட் மாத்திரை தொடங்கி குறைந்தது ஒரு மாதம் போன பிறகே முதல் ஊசி என்றார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ நானே குத்திக்கொள்ள வேண்டும். ஊசி குத்தினால் கொப்புளம் வருகிற உடம்புக்கு ஊசியே மருந்து. முதல் ஊசி போட்ட இரண்டு நாளும் டார்ச் அடித்து வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. டாக்டரிடம் சொன்னபோது, "அப்படின்னா உள்ளே அடங்கிக்கிட்டு வருதுன்னு அர்த்தம்" என்றார்.

புண் மூடிவிட்டது. தழும்பு மிச்சம், நடுவில் சின்னச் சின்னக் குழிகளோடு சல்லடை போல இருக்கிறது. இந்த நோயின் தழும்பு அப்படித்தான் இருக்குமாம். தோல் காகிதம் அளவுக்கு மெலிந்துவிட்டது, மோட்டாரில் ஏறும்போது ஸ்டாண்டில் இடிக்காமல் பார்த்துக்கொள்கிறேன். ப்ரெட்னிசோலோன் நின்றதும் சீனியும் இறங்கி, மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார்கள். குடும்பம் இதையும் நம்பவில்லை. காபியில் இன்னமும் எனக்கு மட்டும் சீனி குறைத்துத்தான் போடுகிறார்கள்.

இப்போது முழங்கால் பாக்கி. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, மாற்று மூட்டு இனித் தள்ளிப்போட முடியாது என்கிறார். பெரிய வெட்டு. எனக்கு எது ஆகாதோ அதுவேதான். ஆனால் செய்யவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தோல் டாக்டரும் மூட்டு வாத டாக்டரும் எலும்பு டாக்டரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். நோய் நன்றாக அடங்கி இருக்கும்போது செய்ய வேண்டும், அறுவையின்போது ஸ்டீராய்டு கொடுத்துத் தடுக்க வேண்டும், தையல் முடிந்தவரை தோலுக்கு அடியிலேயே இருக்க வேண்டும், பிறகு அந்த இடம் சிவந்து வலித்தால் கிருமி என்று நினைத்து யாரும் உடனே திறந்துவிடக் கூடாது, முதலில் தோல் பிரிவைக் கூப்பிட வேண்டும். அடலிமுமாபைக் கிருமிப் பயத்துக்காக எத்தனை நாள் நிறுத்துவது, நிறுத்தினால் பயோடெர்மா எழும்புமா என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் நடுவில் உட்கார்ந்து இருவர் சொல்வதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

அத்தை மட்டும் பஞ்சாங்கம் பார்த்து மூன்று நல்ல நாள் குறித்து வைத்திருக்கிறார். மூன்றையும் டாக்டரிடம் கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்திருக்கிறார், அடுத்த முறை போகும்போது கொடுக்க வேண்டும்.